பேரிடர் மேலாண்மை வேலைக்கு ஆன்லைனில் படிக்கலாமா? கம்பம் முதல் மூணாறு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுக்கித் தோட்டங்களிலும், கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கங்களிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. டிகிரி முடித்தவர்கள், நர்சிங் படித்தவர்கள், பிளஸ் டூவோடு நின்றவர்கள், எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள் என எல்லாரையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

பேரிடர் மேலாண்மை என்றால் கயிறு கட்டி இறங்கி ஆளைத் தூக்கும் வேலைதானே?

அதற்கு மீட்பு என்று பெயர். மொத்த வேலையில் அது ஒரு துண்டு. மீதியெல்லாம் மேசையிலும் போனிலும் வரைபடத்திலும் நடக்கிறது. எந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்கூட்டியே குறித்து வைப்பது, மழை அளவைப் பார்த்து ஆட்களை எப்போது கிளப்புவது என்று முடிவு செய்வது, முகாமில் கக்கூஸ் போதுமா என்று கணக்குப் போடுவது, யார் எத்தனை மணிக்கு எங்கே போனார் என்று எழுதி வைப்பது எல்லாம் இதில் சேரும்.

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியது. 70 பேரின் உயிர் போனது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் வண்டிகள் உள்ளே போகவும் தாமதம். கயிறும் மண்வாரியும் வந்து சேரும் முன்பே பல மணி நேரம் கைவிட்டுப் போயிருந்தது. அந்த மணி நேரத்தைக் குறைக்கத்தான் இந்தத் தொழிலில் சம்பளம் தருகிறார்கள்.

ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் தேசிய பேரிடர் மீட்புப் படையில் சேரலாமா?

முடியாது. என்.டி.ஆர்.எஃப். நேரடியாக ஆள் எடுப்பதில்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி., எஸ்.எஸ்.பி., அசாம் ரைபிள்ஸ் ஆகிய படைகளிலிருந்து அயல்பணியில் வருபவர்களைக் கொண்டு 16 பட்டாலியன்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வருவது அரக்கோணத்தில் உள்ள 4-வது பட்டாலியன். அங்கே போக ஆசை இருந்தால் வழி ஆன்லைனில் இல்லை. முதலில் மத்திய ஆயுதப் படையொன்றில் கான்ஸ்டபிளாகச் சேர வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கே எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வு இருக்கிறது. அதன் பிறகு அயல்பணி கிடைக்க வேண்டும்.

‘என்.டி.ஆர்.எஃப். வேலைக்கான ஆன்லைன் பயிற்சி’ என்று விளம்பரம் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆன்லைன் படிப்பு எந்த வேலைக்கு உதவும்?

கேரள மாநில பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் ஆபத்து ஆய்வாளர், உள்ளாட்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர் போன்ற ஒப்பந்தப் பணிகள் உண்டு. தமிழ்நாட்டில் பேரிடர் பிரிவு வருவாய்த் துறைக்குள் இருக்கிறது. அங்கே உட்காரும் வட்டாட்சியரும் உதவியாளர்களும் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வந்தவர்கள். கோர்ஸ் சான்றிதழ் அந்த நாற்காலியைத் தராது. ஏற்கெனவே வருவாய்த் துறையில் இருப்பவருக்கு அந்தப் பிரிவுக்குப் போக அது கைகொடுக்கலாம்.

அரசுக்கு வெளியேதான் கதவுகள் அதிகம் திறக்கின்றன. தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணிகள், மருத்துவமனைகளின் அவசரத் திட்டம், கொச்சியிலும் சென்னையிலும் ஐ.டி. நிறுவனங்களில் என்ன நடந்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் தொழில் தொடர்ச்சிப் பிரிவுகள் இவற்றில் முக்கியமானவை. தொழில் தொடர்ச்சிப் பிரிவுக்குப் போகிறவர் அதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 22301 என்ற எண்ணையாவது தெரிந்திருக்க வேண்டும். மலைப்பக்கத்துக்கே உரிய ஒரு வேலையும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாடு அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு தெரிந்த வழிகாட்டிகளுக்கு அதனால் தேவை கூடியிருக்கிறது.

தொழிற்சாலையில் சட்டப்படியான பாதுகாப்பு அதிகாரியாகச் சேர வேண்டுமானால் அது வேறு பாதை. அதற்கு அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவது போன்ற, நேரில் போய்ப் படிக்கும் படிப்பு அது. தீயணைப்பு அதிகாரிப் பயிற்சிக்கும் நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் தங்கித்தான் படிக்க வேண்டும். இந்த இரண்டையும் ‘வீட்டிலிருந்தே’ என்று விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு செலவில்லாமல் எங்கே தொடங்கலாம்?

முதல் இடம் மத்திய அரசு ஆதரவில் நடக்கும் ஆன்லைன் பாடத் தளங்களான ஸ்வயம், என்.பி.டி.இ.எல். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். என்.பி.டி.இ.எல்.-இல் அது ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் இருக்கும். மதிப்பெண் கணக்கைத் தெரியாமல் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். சான்றிதழ் கிடைக்க 25-க்கு 10-உம் 75-க்கு 30-உம் தனித்தனியாக வாங்க வேண்டும். தேர்வில் 70 வாங்கியவருக்கும் அசைன்மென்ட்டில் 9 என்றால் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்ட்டை முதல் வாரத்திலிருந்தே அனுப்புங்கள். கடைசித் தேதி முடிந்தால் திறக்காது.

இரண்டாவது, டெல்லியில் உள்ள தேசிய பேரிடர் மேலாண்மை நிறுவனம் நடத்தும் ஆன்லைன் பயிற்சிகளும் வெபினார்களும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனம் என்பதால் இந்தியாவில் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவதாக நாங்கள் சொல்வதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் ஐ.ஐ.ஆர்.எஸ். இலவச நேரலைப் பாடங்கள் நடத்துகிறது. செயற்கைக்கோள் படம், ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத்தோடு தகவலைச் சேர்த்துக் கையாளும் முறை), பேரிடர் வரைபடம் எல்லாம் வரும். வருகைப்பதிவு குறைந்தால் சான்றிதழ் கிடைக்காது, அதனால் வகுப்பு நேரம் உங்கள் ஷிஃப்ட்டோடு மோதுமா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மலை மாவட்டத்தில் வரைபடம் போடத் தெரிந்தவருக்கு இருக்கும் தேவை, பொதுவாக ‘பேரிடர் மேலாண்மை தெரியும்’ என்பவருக்கு இல்லை.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனப் பணிகளுக்குப் போக நினைப்பவர்கள் டிசாஸ்டர்ரெடி, காயா ஆகிய இலவசத் தளங்களையும் பார்க்கலாம்.

அமெரிக்க அரசின் அவசர மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் கோர்ஸை எல்லாரும் செய்கிறார்களே, அது இங்கே செல்லுமா?

படிக்க நல்லது, காட்டிக்கொள்ள அவ்வளவு இல்லை. ஐ.எஸ். 100, 200, 700, 800 என்ற எண்களில் வரும் அந்தப் பாடங்கள் சம்பவக் கட்டளை முறையை, அதாவது பேரிடர் நேரத்தில் யாருக்குக் கீழே யார் என்ன வேலை செய்வது என்ற ஏற்பாட்டை, தெளிவாகச் சொல்லித்தருகின்றன. பாடத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தேர்வும் சான்றிதழும் அடிப்படையில் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானவை. சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிற வித்தை வேண்டாம். நேர்காணலில் ஒரே கேள்வியில் பல்லிளிக்கும்.

அந்தக் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “இந்தியாவில் நிதிப் பிரிவு எங்கே இருக்கிறது?” அமெரிக்க முறையில் செயல்பாடு, திட்டமிடல், தளவாடம், நிதி நிர்வாகம் என்று நான்கு பிரிவுகள். நம் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட சம்பவ எதிர்வினை முறையில் மூன்றே பிரிவுகள்தான். நிதி ஒரு கிளையாகத் தளவாடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அமெரிக்கப் பாடத்தை மட்டும் படித்தவர் நான்கு என்று சொல்வார். எதைப் படிக்கவில்லை என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நம் முறையில் மாவட்டத்தில் பொறுப்பு அதிகாரி கலெக்டர். அவருக்குக் கீழே சம்பவத் தளபதி, அவருக்குப் பக்கத்தில் தகவல் ஊடக அதிகாரி, தொடர்பு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி ஆகிய மூவர். ஒருவருக்குக் கீழே சுமார் 5 பேர்தான் இருக்க வேண்டும். பயிற்சி ஒத்திகையில் முதலில் உடைவது இந்த விதிதான். எல்லாரும் தாசில்தாருக்கே போன் போடுவார்கள், அவர் லைன் எப்போதும் பிஸியாக இருக்கும்.

படிவங்களையும் பாருங்கள். 001 சம்பவ விளக்கக் குறிப்பு, 003 பிரிவுக் குறிப்பேடு, 006 வந்து சேர்ந்தவர்கள் பதிவு, 008 மருத்துவத் திட்டம், 009 தொடர்புத் திட்டம், 010 படை கலைப்புத் திட்டம். ஆணையத்தின் தளத்தில் பி.டி.எஃப். இலவசமாகக் கிடைக்கிறது. 001-ஐயும் 006-ஐயும் வெள்ளைத் தாளில் கோடு போட்டு, ஒரு கற்பனைச் சம்பவத்துக்கு நீங்களே பூர்த்தி செய்து பாருங்கள். ஒரு சான்றிதழை விட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

ஆன்லைனில் கற்கவே முடியாதது எது?

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று வீடியோ பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம். பொம்மை மேல் கை வைத்தால்தான் 5 சென்டிமீட்டர் எவ்வளவு கடினம் என்று தெரியும். முதல் முறை அழுத்துகிறவர்களில் பலர் பாதி ஆழம்தான் போவார்கள், இரண்டு நிமிடத்தில் களைத்தும் போவார்கள். கயிறு முடிச்சு, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, வெள்ளத்தில் நடப்பது, தீயணைப்பான் பிடிப்பது எல்லாமே கை வேலை.

இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கேரளப் பக்கம் இருப்பவர்கள் தீயணைப்புத் துறையின் சிவில் டிஃபென்சில் பதிவு செய்யலாம். ஒரு நிலையத்துக்கு 50 தன்னார்வலர்கள் என்ற கணக்கில் தொடங்கியது அது. தேசிய ஆணையத்தின் ஆப்தமித்ரா தன்னார்வலர் திட்டத்தில் 12 நாள் நேரடிப் பயிற்சியும் மீட்புப் பையும் கொடுத்தார்கள். இப்போது அணி எடுக்கிறார்களா என்று கலெக்டர் அலுவலகப் பேரிடர் பிரிவில் கேட்டு வையுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் கிராம அளவில் முதல்நிலைப் பொறுப்பாளர் பட்டியல் ஒன்று உண்டு. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அதில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள், அவசியமா?

ஹாம் ரேடியோ என்பது போன் கோபுரம் இல்லாமலே பேச உதவும், தனிநபர் உரிமம் பெற்று இயக்கும் வானொலிக் கருவி. சமவெளியில் இருப்பவருக்கு விருப்பம். மலையில் இருப்பவருக்கு நாங்கள் வற்புறுத்துவோம். பெட்டிமுடியில் நடந்ததுதான் காரணம். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தேர்வு நடத்துகிறது, விண்ணப்பம் சரல்சஞ்சார் தளத்தில். 12 வயதிலிருந்தே எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட தரத்துக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் தந்திக் குறியீடு) வேண்டாம். பொதுத் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் கேட்பார்கள். பாடத்தை முழுக்க ஆன்லைனில் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். கருவி மலை மறைத்தால் பேசாது. உங்கள் ஊரில் எந்த மேட்டில் ஏறினால் எந்த ஊர் கேட்கிறது என்று நடந்து குறித்து வைப்பதுதான் பாதிப் பாடம். லைசென்ஸ் இல்லாமல் கருவி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம்.

எஸ்டேட்டில் சிக்னல் நிற்பதில்லை, மழைக்காலத்தில் கரண்டும் இல்லை. எப்படிப் படிப்பது?

என்.பி.டி.இ.எல். வீடியோக்களையும் எழுத்து வடிவத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு நாள் மூணாறு, வண்டிப்பெரியாறு, கம்பம் எங்காவது இறங்கும்போது மொத்தமாக இறக்குங்கள். வீடியோ ஓடவில்லையென்றால் எழுத்து வடிவம் போதும், அசைன்மென்ட் கேள்விகள் அதற்குள்ளேதான் இருக்கும். மழைக்காலத்தில் நேரலைப் பாடங்கள் மலைக்கு ஒத்துவராது. ஐ.ஐ.ஆர்.எஸ். பாடத்தைக் கோடையில் வரும் அணியில் எடுங்கள்.

தேர்வு ஊரையும் யோசித்து வையுங்கள். ஜூலையில் தொடங்கும் பருவத்தின் தேர்வு செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் போடிமெட்டு வழியிலோ குமுளி வழியிலோ மரமோ மண்ணோ விழுந்தால் அன்றைக்குத் தேர்வு போச்சு. முந்தின நாளே இறங்கித் தங்க ஆள் இருக்கும் ஊரை மையமாகக் கேளுங்கள். ஜனவரிப் பருவம் இந்த வகையில் பாதுகாப்பு.

சான்றிதழைத் தவிர வேறென்ன காட்ட வேண்டும்?

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறோம். வேலை கொடுப்பவர் பத்துச் சான்றிதழைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார். உங்கள் ஊரைப் பற்றி நீங்களே தயாரித்த இரண்டு தாளைப் பார்த்தால் கேள்வி கேட்பார்.

முதல் தாள், முகாம் கணக்கு. உங்கள் ஊர்ப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 120 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூடிய இடம் 3.5 சதுர மீட்டர். தேசிய ஆணையத்தின் குறைந்தபட்ச நிவாரணத் தரமும், நிவாரணப் பணிக்கான சர்வதேசத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடும் இதில் ஒன்றுபோலச் சொல்கின்றன. 120-க்கு 420 சதுர மீட்டர். ஆறுக்கு ஆறு மீட்டர் வகுப்பறை என்றால் 36 சதுர மீட்டர், அதாவது ஓர் அறைக்குப் பத்துப் பேர். 12 வகுப்பறை வேண்டும். வழக்கமாக நடக்கும் தவறு என்ன? ‘இந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்காருகிறார்கள், முப்பது பேர் படுக்கலாம்’ என்று எழுதிவிடுவார்கள். உட்கார்வதும் படுப்பதும் ஒன்றல்ல. சமையல், குளியல் இடத்தையும் இந்த 3.5-இல் சேர்க்கக் கூடாது.

கழிப்பறையில் இரண்டு கையேடும் பிரிகின்றன. ஸ்பியர் 20 பேருக்கு ஒன்று என்கிறது, தேசிய ஆணையம் 30 பேருக்கு ஒன்று என்கிறது. ஆக 6 அல்லது 4. எதைப் பின்பற்றினீர்கள் என்று தாளிலேயே எழுதுங்கள். பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதமே ஸ்பியர் சொல்வது. பள்ளிகளில் பாதிக்குப் பாதி கட்டியிருப்பார்கள், அதனால் எந்தப் பலகையை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதலாம். தண்ணீர் ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர், 120 பேருக்கு 1,800 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு வைத்தால் தினமும் ஒரு முறை நிரப்ப வேண்டும். லாரி ஏறி வராத மேடு என்றால் பைப் எங்கிருந்து வரும்? கரண்ட் போனால் மோட்டார் ஓடுமா? இந்தக் கேள்விகள் வரும்போதுதான் உங்கள் தாள் உயிர் பெறுகிறது.

இரண்டாவது தாள், மழைக் குறிப்பு. இந்திய வானிலைத் துறை நாளுக்கு 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-இல் மிக கனமழை, 204.5-இல் அதி கனமழை என்று பிரிக்கிறது. நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. மழைமானியை நீங்களே செய்யலாம். பக்கம் நேராக இருக்கும் அகலமான பாட்டிலை எடுங்கள். கழுத்துப் பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடி வளைந்திருந்தால் நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அந்தக் கோட்டைச் சுழியம் என்று குறியுங்கள். மேலே ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். கூரைச் சொட்டும் மர நிழலும் படாத இடத்தில், பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப் போல் இரு மடங்கு தூரத்தில் வையுங்கள். 2 மழை மாதம் விடாமல் எழுதினால், உங்கள் பள்ளத்தில் விழுகிற மழைக்கும் தாலுகா தலைமையிடத்தில் அளக்கும் மழைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். வயநாட்டில் கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம் இதே யோசனையில் ஒரு பெரிய மழைமானி வலையையே நடத்துகிறது. சரிவுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி அளந்த மழை சில நேரம் ஒன்றுமே சொல்லாது.

தமிழ்வழியில் படித்தவர்கள், மலையாளம் அரைகுறை. பிரச்சினையா?

பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். என்.பி.டி.இ.எல்.-இன் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் குறிப்பெடுப்பது நல்ல பழக்கம்.

மலையாளம் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எல்லைப்புறத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர் என்பதே உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. அரைகுறையாகத் தெரிந்தால் அது ஆபத்தும் ஆகும். ஒரு சொல்லைப் பாருங்கள். தமிழில் வெள்ளம் என்றால் கரை புரண்டு வருவது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் சாதாரணத் தண்ணீரும்தான். முகாமிலிருந்து ‘இவிடெ வெள்ளம் இல்லா’ என்று ஒருவர் சொன்னால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிறார். தமிழ்க் காதுக்கு ‘இங்கே வெள்ளம் ஏதும் இல்லை, எல்லாம் நலம்’ என்று விழும். கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர் திரும்பக் கேட்க வேண்டும்: ‘குடிவெள்ளம் ஆணோ?’ (குடிதண்ணீரா?) மலைச்சரிவுக்கு அங்கே உருள்பொட்டல், நிவாரண முகாமுக்குத் துரிதாஸ்வாச கேம்ப், எச்சரிக்கை அறிவிப்புக்கு ஜாக்ரதா நிர்தேசம். இருபது முப்பது சொற்களைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினாலே போதும்.

அளவுகளும் இப்படித்தான். மழையைத் தமிழ்நாட்டுச் செய்திகள் சென்டிமீட்டரிலும் கேரளச் செய்திகள் மில்லிமீட்டரிலும் சொல்லும். 12 என்று கேட்டவுடன் எந்த 12 என்று கேளுங்கள். அணையிலிருந்து திறக்கும் நீர் இந்தப் பக்கம் கனஅடி, அந்தப் பக்கம் கன மீட்டராகவும் வரும். ஒரு கன மீட்டர் 35.3 கனஅடி. முல்லைப்பெரியாற்றின் நீர்மட்டத்தை மட்டும் இரண்டு பக்கமும் அடியில்தான் பேசுவார்கள்.

எந்த மாநிலத்து வேலைக்கு விண்ணப்பிப்பது?

ஒப்பந்தப் பணியிலும் தொண்டு நிறுவனப் பணியிலும் இருப்பிடம் பெரிதாக உதைக்காது. நிரந்தர அரசுப் பணி என்றால் பி.எஸ்.சி. விதியைப் பாருங்கள். கேரள பி.எஸ்.சி.-யின் பல தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினர் தமிழ் வினாத்தாள் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

ஆன்லைன் டிகிரி, டிப்ளமோ சேரலாமா?

சேரலாம், சரிபார்த்துவிட்டு. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ தரும் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்தக் கல்வியாண்டும் இருக்க வேண்டும். இக்னோவின் பேரிடர் மேலாண்மை முதுநிலை டிப்ளமோ பழகிய பாதை, எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம். நேரில் போய்ப் படிக்க முடிந்தவருக்குத் திருவனந்தபுரத்தில் நில, பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் எம்.பி.ஏ.-வும், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பும் இருக்கின்றன. வேலைச் சந்தையில் இவற்றின் எடை ஆன்லைன் டிப்ளமோவை விட அதிகம். வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் இதையே எடுங்கள்.

ஏமாற்றுகளின் வாசனை ஒன்றுபோலவே இருக்கும். ‘அரசு பதிவு பெற்றது’ என்பார்கள். சங்கப் பதிவோ சிறுதொழில் பதிவோ இருக்கும், படிப்புக்கு அது அங்கீகாரம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. முத்திரை நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத்தான், பாடத்துக்கு அல்ல. ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று எழுதியிருந்தால் மேலே படிக்கத் தேவையில்லை.

சி.இ.எம். என்ற சர்வதேசச் சான்றிதழ் எடுக்கலாமா?

இப்போது வேண்டாம். சர்வதேச அவசர மேலாளர்கள் சங்கம் தரும் அதற்குப் பட்டம், பணி அனுபவம், 100 மணி நேரம் அவசர மேலாண்மைப் பயிற்சி, 100 மணி நேரம் பொது மேலாண்மைப் பயிற்சி, தொழிலுக்குச் செய்த பங்களிப்புகள், பிறகு தேர்வு எல்லாம் வேண்டும். கூடவே டாலரில் கட்டணம். இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். முடிக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி, மணி நேரம், நடத்தியவர், சான்றிதழ் எண் என்று ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மணி நேரம் அச்சிடாத சான்றிதழை வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள் உண்டு. சான்றிதழில் மணி நேரம் இல்லையென்றால் பாடத்திட்டப் பக்கத்தையும் அன்றைக்கே பி.டி.எஃப். ஆக்கிச் சேர்த்துவிடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படித்தால் எவ்வளவு நாள் ஆகும், எந்த வரிசையில்?

வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு வருடம் வையுங்கள். ஜனவரியில் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்று, ஒன்றே ஒன்று. மூன்று எடுத்து மூன்றையும் பாதியில் விடுவதுதான் வழக்கம். அதோடு சம்பவ எதிர்வினை முறை பி.டி.எஃப். ஏப்ரல், மே மாதங்களில் ஜி.ஐ.எஸ். பாடமும், க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் உங்கள் வார்டு வரைபடமும். மென்பொருள் இலவசம், நான்கு ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப்பிலும் ஒரு வார்டு அளவுக்கு ஓடும். ஜூனில் மழைமானியை வெளியே வையுங்கள். தென்மேற்குப் பருவம் முடியும் வரை குறிப்பு. அந்த மாதங்களில் சிவில் டிஃபென்ஸ் அல்லது ஆப்தமித்ரா நேரடிப் பயிற்சி கிடைத்தால் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அதற்குப் போங்கள். அக்டோபரில் முகாம் கணக்குத் தாளை எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேரளத்தில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, உங்கள் வார்டுக்கு அதில் எழுதியிருக்கும் முகாம் பள்ளி இன்னும் திறந்திருக்கிறதா, போன் நம்பர் வேலை செய்கிறதா என்று சோதித்துத் திருத்தம் கொடுங்கள். பாதி நம்பர் மாறியிருக்கும்.

பிளஸ் டூதான் படித்திருக்கிறேன். பயன் உண்டா?

உண்டு, வேறு வரிசையில். ஆன்லைனைப் பின்னால் வையுங்கள். முதலில் நேரடிப் பயிற்சி, முதலுதவி, ஹாம் லைசென்ஸ். தீயணைப்புப் பணிக்கு வயது வரம்பு உண்டு, அதனால் தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வையும் கேரளத்தில் பி.எஸ்.சி.-யையும் இப்போதே எழுதத் தொடங்குங்கள். டிகிரியை இக்னோவில் பக்கத்தில் ஓட்டலாம்.

ஒரு கடைசிச் சந்தேகம்: படிக்கும்போதே மழை கொட்டி, பக்கத்தில் ஏதாவது நடந்துவிட்டால் நான் போகலாமா?

தனியாகப் போகாதீர்கள். முதலில் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மொபைலில் அழைக்கும்போது கோபுரம் பக்கத்து மாநிலத்துடையதாக இருந்தால் அழைப்பு அந்த மாவட்டத்துக்குப் போய்விடலாம். குமுளியிலும் கம்பம்மெட்டிலும் இது நடக்கக்கூடியது. அதனால் இரண்டு பக்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளின் எஸ்.டி.டி. கோடோடு கூடிய தரைவழி எண்களை இன்றைக்கே சேமியுங்கள். போனில் சொல்ல வேண்டியது நான்கு: எந்த இடம், எத்தனை பேர், வழி திறந்திருக்கிறதா, திரும்ப அழைக்க எந்த எண். இடத்தைச் சொல்லும்போது எஸ்டேட் பெயர், டிவிஷன் பெயர், லயம் எண் மூன்றும் வேண்டும். ‘ஃபேக்டரிக்கு மேலே’ என்று சொன்னால் கேட்பவருக்கு எந்த ஃபேக்டரி என்று தெரியாது.